டீ வெளுத்த பங்குனி

2044ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மேற்கு மலையடிவாரத்தில் இருக்கும் புலியூத்து நகரத்தில் டீயின் நிறம் காணாமல் போனது.

இதை முதலில் கண்டவர் இசக்கிராஜ். நகராட்சிக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்புகளையும் வால்வுகளையும் கவனித்துக்கொள்பவர். வயது ஐம்பத்து நான்கு, நாளைக்குப் பன்னிரண்டு டீ. அதில் முதல் டீ மட்டும் வீட்டிலிருந்து பிளாஸ்கில் வரும். மீதிப் பதினொன்றும் அவருடைய மச்சினன் பூலோகபாண்டியின் கடையில். அன்று நிலையத்துக்கு வந்து உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினார். பால் விழுந்தது. சூடாகவும் இனிப்பாகவும் இருந்தது, டீயாக மட்டும் இல்லை.

உடனே மனைவிக்குப் போன் போட்டு, நேற்று ராத்திரி நடந்த வாக்குவாதத்துக்காக டீத்தூளை நிறுத்துவது என்ன நியாயம் என்று கேட்டார். அந்த அம்மாள் மூன்று கரண்டி போட்டுக் கொதிக்க வைத்ததாகச் சத்தியம் செய்தாள். அதற்குமேல் பேச்சு டீயை விட்டு விலகி, பன்னிரண்டு வருடத்துக்கு முன் நடந்த ஒரு கல்யாணத்தில் யாருக்கு யார் மரியாதை செய்யவில்லை என்பதற்குப் போய்விட்டது. இசக்கிராஜ் போனை வைத்துவிட்டு, எதிர் மேஜையில் இருந்த தெபோராளிடம் முறையிட்டார்.

தெபோராள் அந்த நிலையத்தின் நீர்ப் பகுப்பாய்வாளர். தினமும் காலையில் அவள் தண்ணீரைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். பாளையங்கோட்டைக்காரி. தனியாக வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். இசக்கிராஜ் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. காலையில் அவள் குடித்த காபியும் வெள்ளையாகத்தான் இருந்தது. டிகாக்ஷன் ஊற்ற மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. டீக்கடைகளில் வடிகட்டியிலிருந்து இறங்கும்போது டீ செக்கச்செவேல் என்றுதான் இறங்கியது. ஆற்றி நுரை தட்டுவதற்குள் வெளிறி, வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது வெண்மையாகிவிட்டது. பால் ஊற்றாத கட்டன் சாயா இன்னும் மோசம். வெந்நீர் மாதிரி தெளிந்து, கிளாஸுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரிந்தது. கருப்பட்டிக் காப்பியும் தப்பவில்லை. நிறத்தோடு துவர்ப்பும் வாசனையும் போய்விட்டன. வடக்குத் தெருவில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண் தட்டில் காபி கொண்டு வந்து கொடுத்தாள். மாப்பிள்ளையின் அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, காபித்தூளுக்கே யோசிக்கிற வீட்டில் நாளைக்குப் பேறுகாலம் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டாளாம். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

இரண்டாம் நாளே நகராட்சிப் பொறியாளர் சங்கரநயினார் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். குடிநீரில் எந்தக் குறையும் இல்லை. பகுப்பாய்வு அறிக்கை கையெழுத்தோடு இருக்கிறது. ஆகவே கலப்படத் தூள் விற்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றது அறிவிப்பு. அந்தக் கையெழுத்து தெபோராளுடையது. அதில் பொய்யும் இல்லை. அவளுடைய கருவி காட்டியதைத்தான் எழுதியிருந்தாள்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. நகராட்சி அதிகாரிகள் கடை கடையாக ஏறினார்கள். சோதனை சுலபமாக இருந்தது. கடைக்காரரை ஒரு டீ போடச் சொல்வார்கள். டீ வெளுத்தால் தூள் போலி. மூட்டையைப் பறிமுதல் செய்து, கடைக்குச் சீல் வைத்தார்கள். நாற்பத்து மூன்று கடைகள் மூடப்பட்டன. ஒரே ஒரு கடையில் மட்டும் டீ கடைசிச் சொட்டு வரை செங்கல் நிறத்தில் நின்றது. அது பூலோகபாண்டியின் கடை. அதிகாரிகள் அங்கேயே ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, தரச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். பூலோகபாண்டி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். வரிசை தபாலாபீஸ் வரை நின்றது. இசக்கிராஜுக்கு மச்சினன் என்கிற முறையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் அவர் நடையே வேறு மாதிரி இருந்தது.

தெபோராள் தினமும் பஸ் ஸ்டாண்டில் இறங்கித்தான் நிலையத்துக்கு நடந்து போவாள். அங்கே மாடத்தி என்று ஒருத்தி டீக்கடை வைத்திருந்தாள். புருஷன் இல்லை, நான்கு பிள்ளைகள். நல்ல தூளாகப் பார்த்து வாங்கி, தூளைச் சிக்கனம் பண்ணாமல் போடுகிறவள் என்று டிரைவர்கள் மத்தியில் பெயர். நான்காம் நாள் தெபோராள் இறங்கியபோது மாடத்தி, அரக்கு வைத்த தன் கடைக் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வருகிற போகிறவர்களிடமெல்லாம், தன் தூள் போலி இல்லை என்று ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மீதிப் பேர் பூலோகபாண்டி கடைக்கு வழி கேட்டார்கள்.

தெபோராள் நிலையத்துக்குப் போனதும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு டீ போட்டாள், குழாய்த் தண்ணீரில் ஒரு டீ போட்டாள். இரண்டுக்கும் ஒரே தூள். ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றுத் தண்ணீர் டீ அப்படியே இருந்தது. குழாய்த் தண்ணீர் டீ அவள் கண்ணெதிரே வெளுத்தது.

என்ன நடந்தது என்று புரிய, ஒன்பது மாதம் பின்னால் போக வேண்டும். புலியூத்துக்குத் தண்ணீர் மலைக்காட்டிலிருந்து வருகிறது. காட்டில் உதிர்ந்த இலையும் பட்டையும் வேரும் ஊறி, மழைக்காலத்தில் ஆறு பழுப்பாக ஓடும். இசக்கிராஜ் இதில் என்ன கெடுதல், மூலிகைதானே என்று கேட்டபோது, தெபோராள் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தாள். காடு தானே ஒரு பெரிய டீ போட்டு அனுப்புகிறது. அந்தச் சாறு தன்னளவில் கெடுதல் இல்லை. ஆனால் கிருமி சாக நாம் போடும் குளோரின் அதோடு சேர்ந்தால், வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்கு ஆகாத சில பொருட்கள் உண்டாகின்றன. படிகாரம் போட்டுப் பாதிச் சாற்றைத்தான் எடுக்க முடிகிறது.

அந்த மீதிப் பாதியை எடுக்கத்தான் பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனம் உயிரித்துகள்களைக் கொண்டுவந்தது. பாதி உயிர், பாதி இயந்திரம். வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு கிருமியிலிருந்து செய்தது என்பதால் கொதிக்க வைத்தாலும் சாகாது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் தொட்டியில் மிதந்துகொண்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் இலைச்சாற்றை மட்டும் தின்னும். தொட்டியின் வாயில் இருக்கிற சவ்வு அவற்றை வெளியே விடாது. நிறுவனம் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. இசக்கிராஜ் தின்னிகள் என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்தது.

தெபோராள் நிறுவனத்தைத் திரையில் கூப்பிட்டாள். ஓர் இளைஞன் வந்தான். அவள் சொன்னதை அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, பானங்களின் நிறம் ஒப்பந்தத்தில் இல்லை என்றான். தின்னிகள் எப்படிச் சவ்வைத் தாண்டின என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் எதையோ புரட்டிவிட்டு, உங்கள் ஆற்றில் இப்போது இலைச்சாறு எவ்வளவு என்று கேட்டான். பங்குனி வெயில், ஆறு கண்ணாடியாக ஓடியது, சாறு அநேகமாக இல்லை.

“அப்ப பசியா இருக்கும் மேடம்” என்றான் அவன். “பசிச்சா சுருங்கிடும். மூணுல ஒரு பங்கு ஆயிடும்.”

சவ்வின் ஓட்டை வழியாகத் தாராளமாகப் போகிற அளவு அது. தெபோராளின் கருவிக்கு அந்த அளவுக்குக் கீழே எண்ணத் தெரியாது. அதனால்தான் அது தினமும் ‘இல்லை’ என்று காட்டியது, அவளும் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்டாள். பட்டினி கிடந்த தின்னிகள் குழாய் வழியே ஊருக்குள் இறங்கி, முதலில் கண்ணில் பட்ட இலைச்சாற்றை, அதாவது டீயைத் தின்றன. சூட்டில் அவற்றுக்கு வேகம் அதிகம். மனிதர் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று கேட்டாள். வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும், ஆய்வகத்தில் பார்த்திருக்கிறோம் என்றான். மனிதர்களிடம் பார்த்தீர்களா என்றாள். அவன் அதற்கு மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். அந்த மேலதிகாரி கடைசிவரை கிடைக்கவில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இசக்கிராஜ், தன் மச்சினன் கெட்டிக்காரன் என்றார். இத்தனை தின்னிகளுக்கும் தாக்குப்பிடிக்கிற டீ போடுகிறானே.

தெபோராள் அவர் கொண்டுவந்திருந்த கடை டீயில் ஒரு டம்ளர் எடுத்து, குழாய்த் தண்ணீரைச் சேர்த்துச் சூடாக்கி, மேஜைமேல் வைத்தாள். கால் மணி நேரமாயிற்று, அரை மணி நேரமாயிற்று. நிறம் அசையவில்லை.

“தின்னி எதைத் திங்கும் அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“இலைச்சாறு.”

“இதுல உள்ளதைத் திங்கலையே.”

இசக்கிராஜ் டம்ளரைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மனதில் வேறொரு கணக்கு ஓடியது. பதினெட்டு வருடமாக அந்தக் கடையில் டீ குடிக்கிறார். ஒரு தடவைகூடப் பூலோகபாண்டி தங்கச்சி வீட்டுக்கென்று கடைத் தூளைக் கொடுத்ததில்லை. கேட்டபோதெல்லாம், இந்தத் தூள் வீட்டுக்குச் சரிப்படாது, கடையில் வேறு வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுவான்.

“தங்கச்சிக்கு வேண்டாம்னு இருந்திருக்கான்” என்றார் மெதுவாக. “தங்கச்சி மாப்பிள்ளைக்கு ஊத்தியிருக்கான்.”

அன்று அவர் அதற்குமேல் டீ குடிக்கவில்லை. ஆறு மணிக்குத் தலைவலியோடு வீட்டுக்குப் போனார்.

தெபோராள் சங்கரநயினாரின் அறைக்குப் போனாள். சங்கரநயினார் கெட்ட மனிதர் இல்லை. வைகாசியில் ஓய்வு பெறுகிறார். தின்னிகளை ஊருக்குக் கொண்டுவந்தது அவர் செய்த ஒரே பெரிய காரியம். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஆனியில் சாரல் ஆரம்பித்துவிடும், ஆறு பழுப்பாகும், தின்னிகள் வயிறு நிறையத் தின்று பெருத்துத் தொட்டியிலேயே கிடக்கும், தானாகச் சரியாகிவிடுகிற விஷயத்தை ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். சொன்னால் முதலில் போவது அவள் வேலைதான், கையெழுத்து அவளுடையது என்பதையும் ஒரு தகப்பன் மாதிரிதான் எடுத்துச் சொன்னார்.

“அதுவரைக்கும் அந்தக் கடைக்காரங்க சார்?”

“ரெண்டு மாசந்தானேம்மா.”

தெபோராள் வீட்டுக்குப் போய் ஐந்து நாள் அந்த ‘தானே’யை நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம் இருந்தது. வேலைக்காகப் பாளையங்கோட்டையில் ஐந்து பரீட்சை எழுதியவள். அம்மாவிடம் போனில் பேசும்போது, ஊரில் வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னாள். ஆனால் தினமும் பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் மாடத்தி அவளைப் பிடித்து நிறுத்தினாள். நீங்கள் படித்தவர்கள், தண்ணீர் ஆபீசில் இருக்கிறவர்கள், நீங்களாவது சொல்லுங்கள், என் தூள் போலியா என்று கேட்டாள். தெபோராள், இல்லை என்றாள். அப்படியென்றால் அதை ஊரில் சொல்லுங்கள் என்றாள் மாடத்தி. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நகர்மன்றக் கூட்டம். பார்வையாளர் வரிசை நிரம்பியிருந்தது. ஒழுங்காக டீ குடித்துப் பத்து நாளான ஊரில் எல்லோருடைய முகமும் துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்கு வந்த மாதிரிதான் இருந்தது. தெபோராள் அனுமதி கேட்காமல் எழுந்து, மேஜைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தாள். ஆற்றுத் தண்ணீரில் பால் இல்லாமல் போட்டு, பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த ஒரே டீயை இரண்டிலும் ஊற்றினாள். ஒன்றில் ஆற்றுத் தண்ணீரைச் சேர்த்தாள், மற்றதில் குழாய்த் தண்ணீர். நகர்மன்றமே எட்டிப் பார்த்தது. குழாய்த் தண்ணீர் சேர்ந்த டம்ளர் தேன் நிறமாகி, எலுமிச்சை நிறமாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆனது.

“தூள் மேல தப்பில்ல” என்றாள். “தண்ணியிலதான். நான்தான் கையெழுத்துப் போட்டேன். கருவி காட்டினதை நம்பிப் போட்டேன். அதுக்குப் பிறகு தெரிஞ்சும் ஆறு நாள் பேசாம இருந்தேன்.”

சங்கரநயினார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, தண்ணீர்தான் குற்றம் என்றால் பூலோகபாண்டி டீ மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெபோராள் இதை இந்தச் சபையில் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தாள். இசக்கிராஜின் குடும்ப விஷயம். ஆனால் பின் வரிசையிலிருந்து இசக்கிராஜே ஒரு கிளாஸைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, மற்ற இரண்டோடு வைத்தார்.

“இது என் மச்சினன் டீ” என்றார். “தின்னி இலையில உள்ளதைத்தான் திங்கும். இதுல இலை இல்லாததனால அதுக்கு வேலை இல்ல. துணிக்குப் போடுத சாயம். பதினெட்டு வருசம் குடிச்சவன் சொல்லுதேன்.”

தரச் சான்றிதழ் கொடுத்த அதிகாரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து வரப்போகும் கேள்விக்காகத் தெபோராள் தயாராக நின்றாள். பத்து நாளாக இந்தத் துகள்களை ஊரே குடித்திருக்கிறது, உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்பார்கள்; தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லிவிட வேண்டும் என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். பதினான்காம் வார்டு உறுப்பினர் எழுந்தார். எழுபது வயது, கனமான குரல்.

“எப்ப டீ வரும்?” என்று கேட்டார்.

மற்றவர்களும் அதைத்தான் கேட்டார்கள். உடம்பைப் பற்றி அவளேதான் எடுத்துச் சொன்னாள். அமிலத்தில் கரைந்துவிடும் என்று நிறுவனம் சொல்கிறது, மனிதர்களிடம் பரிசோதித்ததாகத் தெரியவில்லை, தன் ரத்தத்தைப் பரிசோதித்ததில் ஒன்றும் இல்லை, மாதாமாதம் பார்க்க வேண்டும் என்றாள். எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டினார்கள். பிறகு மறுபடியும் எப்போது டீ வரும் என்று கேட்டார்கள்.

வழியைக் கண்டுபிடித்தது இசக்கிராஜ்தான். தின்னிகளுக்குப் பசி, அவ்வளவுதானே என்றார் அவர். நிறுவனத்தின் தீவனம் கப்பலில் வர ஆறு வாரம் ஆகும். அவை ஊருக்குள் இறங்கித் திருட்டுத்தனமாகத் தின்பதை நாமே தொட்டியில் ஊற்றிவிட்டால் வெளியே ஏன் வரப்போகின்றன? தெபோராள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு டீக்குத் தூள் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவர் நகராட்சிக் கிடங்கின் பக்கம் கையைக் காட்டினார். நாற்பத்து மூன்று கடைகளிலிருந்து போலி என்று பறித்த மூட்டைகள் அங்கே அடுக்கிக் கிடந்தன.

மூட்டைகளை விடுவிக்கும் உத்தரவில் சங்கரநயினார் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே தெபோராளுக்கு, அனுமதியின்றிச் சபையில் பேசியதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் கொடுத்தார். இரண்டையும் ஒரே பேனாவால் எழுதினார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்து, அடுப்புக்கு விறகு எடுத்துப் போட்டார்.

சமையல்காரர்களிடம் வாடகைக்கு எடுத்த ஆறு அண்டாக்களில் ஆற்றுத் தண்ணீர் கொதித்தது. மாடத்தி தன் மூட்டையை அடையாளம் கண்டு, தானே பிரித்துக் கொட்டினாள். கூலியில்லாமல் பத்துப் பதினைந்து கடைக்காரர்கள் வந்து கிண்டினார்கள். பால் சேர்க்க வேண்டுமா, சீனி எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. டிகாக்ஷன் இறங்கியதும் பதினோரு நாளைக்குப் பிறகு அந்த வாசனை வந்தது. கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டார்கள். தின்னிகளுக்கு ஊற்றுவதற்கு முன் ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொள்வது என்று, யாரும் சொல்லாமலே முடிவாயிற்று.

இசக்கிராஜும் ஒரு டம்ளர் வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். மாடத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கலர் கொஞ்சம் கம்மியோ” என்றார்.

மாடத்தி கரண்டியை ஓங்கினாள். அவர் மீதியைச் சத்தமில்லாமல் குடித்தார். குடித்து முடித்ததும் இன்னொரு டம்ளர் கேட்டார்.

ஐந்து நாள் தொட்டியில் டீ ஊற்றினார்கள். தின்னிகள் பெருத்தன. ஆறாம் நாள் காலை ஊரில் டீ டீயாக இருந்தது. சீல்களை உடைத்தார்கள். அதற்குப் பிறகு கடைகளில் வடிகட்டிய சக்கையைத் தினமும் வண்டியில் சேகரித்து வந்து, ஊறப்போட்டுத் தின்னிகளுக்கு விட்டார்கள். பூலோகபாண்டி கடையில் மட்டும் வண்டி நிற்கவில்லை, ஏனென்றால் இப்போது சீல் அவன் கடையில் இருந்தது. அவன் தங்கச்சி வீட்டுக்கு வந்து, ஜனங்கள் கேட்டது நிறம், நான் கொடுத்ததும் நிறம் என்று வாதாடினான். இசக்கிராஜ் உள்ளே போய், மாடத்தியிடம் வாங்கிய தூளில் தன் கையால் டீ போட்டு வந்து அவனுக்குக் கொடுத்தார். பூலோகபாண்டி அதைக் குடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். அதுதான் அவர் கொடுத்த தண்டனை.

கடை திறந்த அன்று தெபோராள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாடத்தி கூப்பிட்டு ஒரு டீ கொடுத்தாள். கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்தப் பதினஞ்சு நாளும் நான் புள்ளைகளுக்கு அந்தத் தண்ணியத்தானே மேடம் குடுத்தேன். ஒண்ணும் செய்யாதே?”

ஊரில் இதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

“தெரியலக்கா” என்றாள் தெபோராள். “ஒண்ணும் இருக்காதுன்னுதான் நினைக்கேன். மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாப்போம். முதல்ல என்னுது, அப்புறம் புள்ளைகளுது. என்ன வந்தாலும் வந்து சொல்லுதேன்.”

மாடத்தி யோசித்துவிட்டுத் தலையை அசைத்தாள். சித்திரையிலும் வைகாசியிலும் தெபோராள் சொன்னபடி செய்தாள். ஒன்றும் வரவில்லை. வைகாசியில் சங்கரநயினார் மாலையோடு வீட்டுக்குப் போனார். மெமோ அவருடைய மேஜை இழுப்பறையிலேயே இருந்தது.

ஆனி பிறந்தது. மலையில் சாரல் இறங்கியது. வருடா வருடம் போல ஆறு பழுப்பாகத் திரும்பியது. தின்னிகளுக்கு இனி வேண்டிய மட்டும் காட்டுச் சாறு கிடைக்கும் என்று சக்கை வண்டியை நிறுத்தச் சொன்னாள் தெபோராள். மறுநாள் காலை பதினான்காம் வார்டு உறுப்பினர் போன் செய்தார்.

“மேடம், குழாயில டீ வருது” என்றார். “சீனிதான் இல்ல.”

தொட்டியில் தின்னிகள் கொழுத்துப் போய்க் கிடந்தன. காட்டுச் சாறு அவற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தெபோராள் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் எடுத்து, இலை ஊறிய தண்ணீரை விட்டாள். ஒரு மணி நேரமாகியும் அப்படியே இருந்தது. ஒரு ஸ்பூன் மாடத்தி கடைச் சக்கைத் தண்ணீரை விட்டாள். இரண்டு நிமிடத்தில் டீயை மட்டும் காலி செய்துவிட்டு, இலைச்சாற்றை ஒதுக்கி வைத்தன. மூன்று மாதத்தில் எத்தனையோ தலைமுறை பெருகியிருந்தன. எல்லாம் டீயிலேயே பிறந்து வளர்ந்தவை. காடு என்றால் என்ன என்றே அவற்றுக்குத் தெரியாது.

டீயை நிறுத்தினால் சுருங்கி ஊருக்குள் ஓடும். நிறுத்தாவிட்டால் காட்டுச் சாறு அப்படியே குழாயில் போகும். பெங்களூர் இளைஞன் திரையில் வந்து, இது மிகவும் சுவாரஸ்யமான விளைவு என்றான். தெபோராள் இணைப்பைத் துண்டித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மாடத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சும்மா, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னாள்.

மாடத்தி கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டாள். “பால் மறக்கடிக்க மாதிரிதானே மேடம்? ஒரேயடியா நிறுத்தினா புள்ளை ஊரைக் கூட்டும். இன்னைக்கு அஞ்சு வேளைன்னா நாளைக்கு நாலு. நடுவுல சோத்தைக் காட்டணும்.”

அப்படியே செய்தார்கள். முதல் நாள் பத்துக்கு ஒன்பது பங்கு டீ, ஒரு பங்கு இலைச்சாறு. இரண்டு நாளுக்கு ஒரு முறை டீயில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். அதுவரை ஊர் குளோரினைக் குறைத்து, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது. தின்னிகளுக்கு அளந்து ஊற்றும் வேலையை இசக்கிராஜ் யாரிடமும் விடவில்லை. அவை கஷ்டப்படும்போது தான் மட்டும் குடிப்பது சரியில்லை என்று, தானும் பன்னிரண்டைப் பத்தாக்கினார், எட்டாக்கினார், ஐந்தாக்கினார். நடுவில் ஒரு வாரம் அவரிடம் யாராலும் பேச முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள் கடைசிப் பங்கு டீயையும் நிறுத்தினார்கள். தெபோராள் தண்ணீரைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். புதிதாக வந்திருந்த, எவ்வளவு சிறியதையும் எண்ணும் கருவியில் ஒரு துளி விட்டாள். தண்ணீர் தெளிந்திருந்தது. ஒரு தின்னிகூட வெளியே வரவில்லை.

இசக்கிராஜ் தொட்டியின் விளிம்பில் நின்று, கீழே பழுப்புத் தண்ணீரை மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தவற்றை வெகுநேரம் பார்த்தார்.

“மறந்துட்டு மேடம்” என்றார். “சுத்தமா மறந்துட்டு.”

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, மாடத்தி கடையைப் பார்த்து வேகமாக நடந்தார்.